ஓனரையே ஓட்டச் சொல், நீ பின்னால் உட்கார்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் யாமினி போன் செய்து, கார் நின்றுவிட்டது என்றாள். கார் ஒர்க்‌ஷாப்பிலேயே காலம் தள்ளிய எனக்கு இது தினமும் கேட்ட வாக்கியம். அதனால் தினமும் கேட்ட கேள்வியையே கேட்டேன்.

“சூட்டுல நின்னுச்சா, சில்லுன்னு இருக்கறப்பவா?”

“அம்மா, தண்டவாளத்து மேல நிக்குது.”

“நிக்கறதுக்கு முன்னாடி நடுங்குச்சா?”

“தண்டவாளம்மா. ரெண்டு கேட்டுக்கும் நடுவுல உக்காந்துகினு இருக்கேன்.”

அப்போதுதான் “எறங்கு” என்றேன்.

நாராயணவனத்திலிருந்து ரேணிகுண்டா வழியாகத் திருப்பதிக்குப் போகிறவர்களில் சிலர், மெயின் ரோட்டில் லாரி அதிகம் என்று ஒரு குறுக்கு வழியில் போவார்கள். அந்த வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. யாமினி திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். தினமும் அந்தக் கேட்டில் காத்திருந்துதான் போவாள். அன்று கேட் மூடியிருந்தது. இதோ திறந்துவிடுவார்கள் என்று எஞ்சினை அணைக்காமல் நின்றிருக்கிறாள். ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் மட்டும் சுற்றும்போது, வண்டி மெல்ல நடுங்க ஆரம்பித்திருக்கிறது. கேட் திறந்ததும் முன்னால் எடுத்தாள். சரியாகத் தண்டவாளத்தின் மேல் அணைந்துவிட்டது.

நான் ஆட்டோ பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தபோது, கேட்டுக்கு அந்தப் பக்கம் ஓரமாக வண்டி நின்றிருந்தது. பின்னால் பைக்கில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். யாமினி கேட்மேன் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நடுக்கமும் இல்லை.

“பயப்படாதீங்கம்மா, கேட்ட மூடாம ரயிலுக்கு சிக்னலே விழாது. ரயிலு அங்கியே நிக்கும்,” என்று கேட்மேன் எனக்குத் தைரியம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா நானு பயந்துட்டேன்,” என்றார்.

இதை எழுதும்படி கேட்டது, எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். இப்போது வருகிற வண்டிகளில் ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் நம்பர் திரையில் வந்துவிடுகிறது. நம்பர் சொல்லத் தெரியாத பழைய கார்புரேட்டர் வண்டி எப்போதாவது ஒன்று வந்தால், பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய்விடுகிறார்களாம். “ஐட்லிங் கோளாறு பத்தி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க மேடம், நம்ம பசங்களுக்கு,” என்றாள். நான் ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை. முழங்கால் தேய்ந்துபோனதால் ஓய்வு வயது வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அந்தத் திங்கட்கிழமையும் இன்னும் என்னை விடவில்லை. அதனால் ஐட்லிங் பற்றி எழுதும்போது அந்தக் கேட்டைப் பற்றியும் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்தூர் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் நான் ஒருத்தி மட்டும் பெண். என்னை முதலில் தையல் பிரிவுக்கு வழி காட்டினார்கள். வழி தெரியும் என்று சொல்லிவிட்டு மோட்டார் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பாஸ் செய்ததும் ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்தது. இன்டர்வியூவில், நான் நகரியில் பவர்லூம் ஓடும் வீட்டில் பிறந்தவள், எந்திரச் சத்தத்தில் வித்தியாசம் எனக்குச் சட்டென்று தெரியும் என்றேன். அங்கே மேனேஜராக இருந்த சுதாகர் சார், “தறி இல்லாத வீட்லேந்து வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். காது மிஞ்சியிருக்கும்,” என்று சொல்லிவிட்டு வேலை கொடுத்தார்.

சுதாகர் சார் தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். கோபம் வந்தால் இங்கிலீஷ். குரல் மட்டும் உயராது. ஒரு வண்டி நடுங்குகிறது என்று வந்தால் உடனே பானெட்டைத் திறக்க விடமாட்டார். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும். மீட்டர் முள்ளை நம்பக் கூடாது. கலப்படப் பெட்ரோல், தண்ணீர் கலந்த பெட்ரோல், பெட்ரோலே இல்லாத டேங்க் எல்லாவற்றையும் அந்த முள் ஒரே மாதிரிதான் காட்டும் என்பார். அதன் பிறகு, கடைசியாக வண்டியில் புதிதாக என்ன செய்தீர்கள் என்று ஓனரைக் கேட்க வேண்டும். ஓனர் “ஒண்ணும் செய்யல” என்பார். அதை அப்படியே ஜாப் கார்டில் எழுத வேண்டும், நம்பக் கூடாது.

அதற்கப்புறம்தான் பானெட். ஏர் ஃபில்டர் டப்பாவின் மேல் ஒரு சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் வைப்பார். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். தண்ணீரில் வட்டம் விழுந்தால் எல்லா சிலிண்டரும் வேலை செய்கின்றன. ஒரு பக்கமாக அலை அடித்தால் ஒன்று ஓசியில் உட்கார்ந்திருக்கிறது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்வார். எந்த வயரைக் கழற்றும்போது தண்ணீரின் ஆட்டம் மாறாமல் இருக்கிறதோ, அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. கஸ்டமர்கள் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துக் கை கட்டி நிற்பார்கள். அவரும் மறுத்துச் சொன்னதில்லை.

அவருடைய பெரிய விதி வேறு. வண்டி ஒர்க்‌ஷாப்பில் ஒழுங்காக ஓடி, ஓனரின் கையில் மட்டும் நின்றுபோகிறது என்றால், நாங்கள் யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. “ஓனர்நே தோலமனு, நுவ்வு வெனக கூச்சோ” என்பார். ஓனரையே ஓட்டச் சொல், நீ பின்னால் உட்கார். சிக்கலான வண்டி என்றால் தானே பின் சீட்டில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தைக் கேட்கிறார் என்று நாங்கள் பேசாமல் இருப்போம். சில நாள் தூங்கியும் இருக்கிறார்.

பாலசமுத்திரத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர் வந்தது நினைவிருக்கிறது. மலைச்சரிவில் இறங்கி ஊருக்குள் வந்ததும் வண்டி உதறும், சந்தைக்கு முன்னால் நின்றுபோகும். எங்களிடம் இரண்டு முறை விட்டுப் போனார். பிளக்கில் கரி பிடித்திருந்ததே தவிர வேறு கோளாறு இல்லை. பிளக்கை மாற்றினோம். மறுபடியும் கரி. மூன்றாவது முறை சார் பின் சீட்டில் ஏறினார், நான் பக்கத்தில். சரிவு வந்ததும் தோப்புக்காரர் கியரை விடாமல் சாவியை மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்தார். வண்டி தானாக இறங்கியது. எஞ்சின் சுற்றிக்கொண்டே எரியாத பெட்ரோலை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தது.

“இன்னாங்க இது?” என்றேன்.

“பெட்ரோலு மிச்சம். எறக்கத்துல எதுக்கு?” என்றார் அவர்.

“இத நாங்க கேட்டப்ப சொல்லலியே.”

“நீங்க புதுசா இன்னா பண்ணேன்னு கேட்டீங்க. இது பழசு.”

சார் கண்ணைத் திறக்காமலே, “கரெக்ட்,” என்றார்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் மகளின் வண்டியில் தோற்றுக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை வண்டியை நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். யாமினி கேட்டிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறி வேலைக்குப் போனாள். எங்கள் வண்டி, என்னிடம் ஒரு கஸ்டமர் விட்டுவிட்டுப் போன பழைய சின்னக் கார். எஞ்சினை நானே பிரித்துக் கட்டியிருக்கிறேன். மறுநாளிலிருந்து வாசலில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். பழைய வண்டியில் ஒரு ஆபத்து இருக்கிறது, பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். தேடினால் ஏதாவது கிடைக்கும். ஒரு பிளக்கில் இடைவெளி அதிகம். சரி செய்தேன், இதுதான் என்று நினைத்தேன். ஒரு ரப்பர் குழாயில் விரிசல், காற்று இழுக்கும். மாற்றினேன், இதுதான் என்று நினைத்தேன். கார்புரேட்டரின் ஐட்லிங் ஜெட்டில் தூசி. ஊதினேன். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக அடித்தது. ஒவ்வொன்றும் உண்மையான குறைதான். ஒன்றுகூட என் மகளைத் தண்டவாளத்தில் நிறுத்தியது அல்ல.

தினமும் காலையில் முறைப்படி டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், புத்தூர் வரை ஓட்டிவிட்டு வருவேன். வண்டி தறி போல ஓடும். டம்ளர் தண்ணீரில் அழகான வட்டம் விழும்.

சமையலறையில் இருந்த என் கணவரிடமும் விசாரித்தேன். அவர் ஜில்லா பரிஷத் பள்ளியில் சமூக அறிவியல் வாத்தியார்.

“ஏங்க, வண்டில புதுசா ஏதாவது பண்ணீங்களா?”

“நானா? எனக்கு அதோட கதவே சரியா சாத்தத் தெரியாது.”

“யோசிச்சி சொல்லுங்க.”

“தொட்டதே இல்ல, லலிதா. இத வித்துத் தொலைச்சிட்டு வேற பாரு. புள்ளைய பெத்து வளத்து ரயிலுக்கு குடுக்கவா?” என்றார். அன்று இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

யாமினி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். பஸ் தாமதமானால் அவளுடைய முதல் நோயாளி, பக்கவாதம் வந்த ஒருவர், படுக்கையிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம், “வண்டி நல்லாத்தான ஓடுது, சாவிய குடும்மா,” என்றாள்.

“இன்னும் பாக்கணும்.”

“இன்னாத்த பாக்கணும்? புத்தூருக்கு அம்பது தடவ போய் வந்துட்ட.”

“ஏன் நின்னுச்சின்னு தெரியாம ஓடற வண்டி, நிக்கற வண்டிய விட மோசம்,” என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது. தூங்கும்போதும் இருந்தது.

கடைசியில் சுதாகர் சாருக்குப் போன் செய்தேன். அவர் இப்போது சித்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். செய்த வேலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“டெஸ்ட்ல எவரு தோலினாரு?” யார் ஓட்டினது என்று கேட்கிறார்.

“நான்தான் சார்.”

“தண்டவாளத்துல நிக்கும்போது?”

“பொண்ணு.”

“மரி?” என்றார். அப்படியானால் என்று அர்த்தம். ஒர்க்‌ஷாப்பில் இந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நாங்கள் கருவிப் பெட்டியைத் திரும்பத் திறப்போம்.

“அவள மறுபடி ஓட்டச் சொல்ல பயமா இருக்கு சார்.”

“பயம் உன் கம்ப்ளெயின்ட், லலிதா. வண்டி கம்ப்ளெயின்ட் வேற. ரெண்டையும் ஒரே ஜாப் கார்டுல எழுதாத.”

ஞாயிற்றுக்கிழமை காலை யாமினியிடம் சாவியைக் கொடுத்தேன். அவள் தினமும் கிளம்புவது போலவே கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டு நான் வண்டியில் எதையும் தொடவில்லை. மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிப் பார்த்தேன். தண்டவாளம் தெரிந்தது. திறந்துகொண்டேன்.

“அம்மா, சீட்டுக் கம்பிய விடு. முன் சீட்டு கழண்டுகினு வந்துடும்,” என்றாள் கண்ணாடியில் பார்த்து.

பாதி வழி வரை ஒன்றும் இல்லை. குறுக்கு வழியில் திரும்பியபோது, மேட்டில் வண்டி ஒரு முறை மூச்சுத் திணறியது போலத் தெரிந்தது. கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர். யாமினி எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் என் இருக்கைக்கு அடியில் நடுக்கம் வந்தது. முதலில் லேசாக, பிறகு கதவுக் கண்ணாடி தடதடக்கும் அளவுக்கு.

“ஆரம்பிச்சிடுச்சி,” என்றாள்.

“ஓரமா ஒதுக்கு. தாண்டாத.”

“எங்க ஒதுக்கறது, அதுவே நின்னுடிச்சி.”

கேட் திறந்தது. டிராக்டர் போனது. நாங்கள் போகவில்லை. கேட்மேன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “மறுபடியுமா?” என்றார். இந்த முறை தண்டவாளத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டோம் என்பதை அவருக்குச் சுட்டிக்காட்டினேன். அவர் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. இறங்கி வந்து ஓரம் தள்ள உதவினார்.

“இன்னொரு முறை ஸ்டார்ட் பண்ணாத,” என்று யாமினியிடம் சொன்னேன். நின்ற வண்டிதான் சாட்சி. பிள்ளைகள் செய்கிற தவறு இதுதான், மறுபடி மறுபடி சாவியைத் திருப்பிச் சாட்சியைக் கலைத்துவிடுவார்கள். பானெட்டைத் திறந்தேன். ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சின் மேல் வைத்து, ஒரே ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பச் சொன்னேன். நெருப்புப் பொறி நீலமாக விழுந்தது. அப்படியானால் மின்சாரம் சரி. அடுத்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றினேன். காய்ந்திருந்தது. பம்ப்புக்கு முன்னால் இருக்கிற ஃபில்டரும் காலி. பம்ப் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இழுக்கிற பம்ப் இருக்கிறது, டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, நடுவில் வருவதற்கு என்ன தடை?

பின்பக்கம் போய் டேங்க் மூடியின் பூட்டைத் திறந்தேன். மூடி வரவில்லை. இழுத்துத் திருகினேன். குக்கர் விசில் போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது.

டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப்பை விட வலுவாகப் பெட்ரோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். கொஞ்ச நேரம் நின்றால் மூடியின் ஓரத்தில் காற்று மெல்லக் கசிந்து வண்டி மறுபடி எடுக்கும், திங்கட்கிழமை நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தது அப்படித்தான். குப்பி வாயில் உதட்டை அழுத்தி உறிஞ்சிப் பாருங்கள், தெரியும். இந்த வண்டியின் பழைய மூடி தொலைந்துபோய், பூட்டு வைத்த இரும்பு மூடி ஒன்று போட்டிருந்தேன். காற்றுப் போவதற்கு அதன் சாவித் துவாரத்துக்கு மேலே ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் இருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம். அதன் மேல் சந்தனம். காய்ந்து, சுவர்ப் பூச்சு மாதிரி அடுக்கடுக்காக இருந்தது.

யாமினி தனியாக ஓட்டிப் போக ஆரம்பித்ததிலிருந்து, வெள்ளிக்கிழமைதோறும் காலையில் என் கணவர் வண்டிக்கு பூஜை போடுகிறார். ஸ்டியரிங், நாலு சக்கரம், முன் விளக்கு, டேங்க் மூடி. வண்டிக்கு வாய் அதுதானே என்று சொல்வார். கவனமான மனிதர். சாவித் துவாரம் அடைத்துவிடக் கூடாது என்று, அதைத் தொடாமல் அதற்கு நேர் மேலே பொட்டு வைத்திருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த மூடியை ஒவ்வொரு நாள் காலையிலும் என் கையால் திறந்தேன். பொட்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பிரிட்ஜில் பொட்டு இருக்கும், கேஸ் சிலிண்டரில் பொட்டு இருக்கும், ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனருக்கே பொட்டு இருக்கிறது. அது யார் கண்ணிலும் படாது. புதிதாக என்ன செய்தாய் என்று கேட்டால், பூஜை போட்டதை வண்டிக்கு ஒன்றைச் செய்ததாக யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அது செய்வதில் சேர்த்தி இல்லை. நானும் தினமும் மூடியைத் திறந்து, டேங்குக்குள் காற்றை விட்டு, வண்டியைச் சரி செய்துவிட்டு, பிறகு அதில் கோளாறு இருக்கிறதா என்று புத்தூர் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஜாப் கார்டில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பூஜை போடுவதுண்டா, எங்கெல்லாம் பொட்டு?

யாமினி தன் துப்பட்டாவிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டி எடுத்து, ஓட்டையைக் குத்தி, வாயால் ஊதிப் பார்த்தேன். காற்று போனது. மூடியைப் பழைய துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினேன். நாலைந்து முறை சாவியைத் திருப்பியதும் வண்டி எடுத்தது. கேட்டைத் தாண்டிப் போய், ரேணிகுண்டா எல்லை வரை ஓட்டி, திரும்பவும் கேட்டைத் தாண்டி வந்தோம். யாமினிதான் ஓட்டினாள். தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கிய இரண்டு முறையும் நான் மூச்சு விடவில்லை. வந்து நிறுத்தி, ஐட்லிங்கில் விட்டுவிட்டு, இறங்கிக் கேட்மேன் அறையின் படியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி நடுங்கவில்லை. நான்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

“அப்பாவுக்கு சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“நின்னப்பவே மெசேஜ் போட்டேன். நைனா வந்துகினு இருக்காரு.”

“சரியாயிடுச்சின்னு போடலியா?”

“போட்டேன். அவரு வண்டில இருக்காரு, எப்படி பாப்பாரு?”

அவர் வந்தார். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கட்டு கயிறு, தண்ணீர் கேன், கோயில் பிரசாதப் பொட்டலம். ஹெல்மெட் கொக்கி போடாமல் தொங்கியது. ஓடி வந்து முதலில் யாமினியின் தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியானதும், பூஜை போடுகிற அதே வரிசையில் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். வண்டி அவர் பக்கத்தில் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. துடைத்து வைத்த மூடியை விரலால் தடவிப் பார்த்தார்.

“பொட்ட அழிச்சது யாரு?” என்றார். “அப்பறம் வண்டி நிக்காம இன்னா பண்ணும்?”